பேய்க்கோட்டைக்குள் கேட்ட சத்தம்

நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் கதை விளையாட்டில் கதை சொல்வதும் பின்னணி இசை போடுவதும் நான்தான். இன்று மதியம் எல்லோரும் பேய்க்கோட்டைக்குள் நுழைந்த நேரம் பார்த்து, சேர்த்து வைத்திருந்த ஒலி ஒன்றுகூட ஓடவில்லை.

வியர்த்துப்போய் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். மைக்கை அணைக்கவும் மறந்துவிட்டேன்.

“இன்னாடா சத்தம் இது? எலும்ப நொறுக்கினு வர்ற மாதிரி கீது,” என்றான் வேலூரிலிருந்து ஆடும் சதீஷ்.

பக்கத்து வீட்டு விசைத்தறி.

பட்டன்களை விட்டுவிட்டு அதையே பேயாக ஓடவிட்டேன். நூல் அறுந்ததோ என்னவோ, தறி சட்டென்று நின்றது.

“நின்னுடுச்சி. நம்மள பாத்துடுச்சி போல,” என்றாள் மாலதி, குரலைத் தாழ்த்தி.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

ஆனால் அடுத்த ஆட்டம் அமாவாசையன்று. அன்றைக்கு ஆரணியில் எங்கள் தெருத் தறிகளுக்கு விடுமுறை. அமாவாசையும் அதுவுமாகப் பேய்க்கு லீவு கொடுத்தால் நன்றாகவா இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.