"பேனைப் போடு" என்றேன்

இன்று என் பேத்தியைப் பெண் பார்க்க மீஞ்சூரிலிருந்து வந்திருந்தார்கள். சரியான புழுக்கம்.

ரிமோட்டில் ஓடும் சீலிங் ஃபேனை, போனில் சொன்னாலே ஓடும்படி மாற்றியிருக்கிறாள் பேத்தி. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்கிறவள், அவளே மாட்டினாள். அந்தப் பெருமையைக் காட்டப் போனை எடுத்து, "பேனைப் போடு" என்றேன். அந்த ஃ என் வாயில் வராது.

போன் சத்தமாகச் சொன்னது: "தலையில் பேன் தொல்லை நீங்க வேப்பெண்ணெய் தடவுங்கள்."

எங்கே அமுக்கியும் நிற்கவில்லை. ஈர், சீப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. எழுந்து ஓடலாமென்றால் வழியை அடைத்து அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பையனின் அம்மா, காபியோடு வந்த பேத்தியின் பின்னலையே பார்த்தார்.

"இன்னா ஆயா, பொண்ணு தலையில பேனா?"

"ஐயோ, நான் சொன்னது காத்தாடிம்மா! எங்க பொண்ணு தலை சுத்தம்!"

பேத்தி போனிடம் சரியாகச் சொன்னாள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. பையன் பக்கவாட்டில் சீவி மூடியிருந்த முடி எழுந்து நின்றது. கீழே வழுக்கை.

அந்தம்மாவே சிரித்துவிட்டார். "பேன் இருந்தாத்தான் இன்னா? எம்புள்ள தலையில தங்க எடமே இல்ல."

அவர்களுக்குச் சம்மதமாம். "நல்லவேளை ஃபேன் போட்டோம், ஆயா" என்கிறாள் பேத்தி.

அவள் சொன்னதைச் சரி என்று எடுத்துக்கொள்வதா, வேண்டாம் என்றா? பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் சொல்லுங்கள்.