ஆயிரத்துப் பதினான்கின் கோப்புகள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். சர்வரில் எந்தக் கோப்பை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று முடிவு செய்வது அவள் வேலை. கேட்டவருக்கெல்லாம் திறந்துவிடாததால் வந்த பெயர் அது. பதினோரு வருடமாக ஜன்னல் இல்லாத அறையில், இரையும் ஏ.சி.க்கு அடியில், சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பக்கத்து நாற்காலிக்காரரிடம் மட்டும் அவள் அதிகாரம் செல்லவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளை இணையப் பக்கத்தில் ஏற்றும் புரோகிராமை எழுதியவர் அவர். அது ஓடுவதும் அவர் பெயரில், அது உருவாக்கும் கோப்புகளும் அவர் பெயரில்.

"யார் பேரும் இல்லாத பொதுக் கணக்குக்கு மாத்துங்கன்னு எத்தனை தடவ சொல்றது? நீங்க இல்லாதப்போ யாரு பாக்குறது?"

"நான் எங்க போகப் போறேன், பூட்டு மேடம்?" என்பார் டீயை உறிஞ்சிக்கொண்டே.

போய்விட்டார். மாரடைப்பு. நாற்பத்தாறு வயது. ஐந்து வாரம் ஆகிறது. அந்த நாற்காலியில் இப்போது பழைய கீபோர்டுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

இன்று காலையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டும் ஏறவில்லை. கீழே வரிசை வாசல்வரை நின்றது. லேபில் கையால் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் இரண்டு ஏற்கெனவே ஆள் மாறிவிட்டன. அவள் கோப்புகளின் பட்டியலைத் திறந்தாள். உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் வெறும் எண்: 1014. சர்வர் அவருக்குக் கொடுத்திருந்த எண்; கணக்கை நீக்கினால் பெயர் போய்விடும், கோப்புகள் அந்த எண்ணுக்குச் சொந்தமாகவே கிடக்கும்.

பணியாளர் பிரிவுக்குப் போன் போட்டாள்.

"அவர் கணக்க எடுத்துட்டீங்களா?"

"நேத்து சாயங்காலமே எடுத்தாச்சுங்க. இறந்தவங்க கணக்கு இருக்கக் கூடாதுன்னு சர்க்குலர்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். வருத்தப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

கணக்கு போனதும் அவர் பெயரில் ஓடிய புரோகிராமும் நின்றுவிட்டது. மேலாளர் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து விடும்மா. அரை நிமிஷ வேலையாம், என் மச்சான் சொல்றான்."

"உங்க மச்சானோட சுகர் ரிப்போர்ட்டும் இதுலதான் இருக்கு சார். ஊரே பாக்கட்டுமா?"

"பத்து மணி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வெளியிலிருந்து ஆளக் கூப்பிட்டுத் திறந்துடுவேன்."

புரோகிராமைப் பொதுக் கணக்கில் ஓட வைத்தாள். 1014க்குச் சொந்தமான கோப்புகளை அந்தக் கணக்கால் தொட முடியவில்லை என்பதுதான் தலைவலி. எந்த ஃபோல்டர்களை அந்தப் புரோகிராம் தொடுகிறது என்பது அதை எழுதியவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வேறு ஏதாவது நின்றுபோகும். ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போனவள், உரிமையாளர் மட்டும் படிக்கும்படி மூடியிருந்த ஒரு கோப்பில் நின்றாள். நிர்வாகி அதிகாரத்தில் திறந்தாள்.

'பூட்டு மேடத்துக்காக மாத்த வேண்டியவை' என்று தலைப்பு. கீழே நாற்பத்தொரு ஃபோல்டர்களின் பெயர்கள். முதல் மூன்றுக்கு எதிரே மட்டும் 'ஆச்சு'. தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது.

"மூணு," என்றாள் கீபோர்டுக் குவியலைப் பார்த்து. "ரெண்டு வருஷத்துல மூணு."

நான்காவதிலிருந்து ஒவ்வொன்றாகப் பொதுக் கணக்குக்கு மாற்றத் தொடங்கினாள்; அந்தப் பட்டியலை மட்டும் 1014இன் பெயரிலேயே விட்டுவைத்தாள். பத்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது முதல் ரிப்போர்ட் ஏறியது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் பணியாளர் பிரிவிலிருந்து போன். "நாளைக்குப் புது ஆள் சேர்றாரு. காலியான அந்த 1014 நம்பரையே குடுத்துடலாமா?"

"வேற குடுங்க," என்றாள். "நம்பர் யாருதோ கோப்பும் அவங்களுதாயிடும். அதுல இன்னும் அவரோட ஒரு கோப்பு இருக்கு."