முதலாளி காருக்கு மெழுகு

போன சனிக்கிழமை காலை, பாலிதீன் கவர் ஒன்றுக்குள் வலது கையை நுழைத்துக்கொண்டு என் காரின் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தேன். தெருவில் போன மூன்று பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கேட்டார்.

"என்ன டீச்சரு, காருக்குக் காச்சலா?"

காய்ச்சல் இல்லை, சோதனை. வெறுங்கையால் தடவினால் பெயின்ட் நல்லபடியாக இருப்பதுபோலத்தான் தெரியும். மெல்லிய கவருக்குள் கையை விட்டுத் தடவினால் குட்டு வெளிப்பட்டுவிடும். உப்புத்தாள் போல நறநறவென்று இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் போகாத தூசு, பெயின்டுக்குள்ளேயே குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எடுப்பதற்கென்றே 'க்ளே' என்று ஒரு கட்டி விற்கிறார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, அதை வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். தூசெல்லாம் கட்டிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு மெழுகு. இதையெல்லாம் ஒரு வாரம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

சாத்தூரில் வாட்டர் சர்வீஸ் வைத்திருப்பவர், "குடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் பளபளன்னு தாரேன்" என்று சொன்னார்தான். நான் இயற்பியலில் முதுகலை. ஒன்பதாம் வகுப்புக்கு உராய்வு நடத்துகிறவள். என் காருக்கு இன்னொருவர் உராய்வதா?

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். முதல் டிகிரி, முதல் வேலை உத்தரவு, இப்போது முதல் கார். இதை இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஒரு வாசகர் எண்ணிப் பார்த்து எழுதியிருந்தார். நன்றி. இன்னும் சொல்வேன்.

கார் பழையது. மெரூன் நிறம். நான்கு மாதம் முன்பு விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் வியாபாரியிடம் வாங்கினேன். இன்ஜினைப் பார்த்தேன். டயரைப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். அவருக்கு முன்னால் இந்தக் கார் யாரிடம் இருந்தது என்று மட்டும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தாயில்பட்டியில் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் பெருமையாக ஒரு ஹாரன் அடித்தேன். இந்தக் காரின் ஹாரன் கொஞ்சம் வித்தியாசமானது. இரண்டு சுருதியில் இழுக்கும்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா சட்டென்று எழுந்தார். தோள் துண்டு இடுப்புக்கு வந்தது. நாலு எட்டில் ஓடிவந்து கேட்டைத் திறக்கக் கையை நீட்டினார்.

எங்கள் வீட்டுக்குக் கேட் கிடையாது.

நீட்டிய கையை அப்படியே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்துகொண்டார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எங்க மொதலாளி காருல்ல" என்றார்.

அப்பா இங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினைந்து வருடம் மருந்து ஷெட்டில், அதாவது வெடிமருந்து கலக்கும் இடத்தில், வேலை பார்த்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அதே கம்பெனியில் கேட் வாட்ச்மேன். மூட்டுவலி வந்து போன வருடம்தான் நின்றார். நான் ஹாஸ்டலில் இருந்து படித்த காலமெல்லாம் இந்தக் கார் வரும்போது கேட்டைத் திறந்து, ஓரமாக நின்று, வணக்கம் வைத்திருக்கிறார். முதலாளி அதை வத்தல் வியாபாரிக்கு விற்று, வியாபாரி எனக்கு விற்று... சுற்றிச் சுற்றி அது எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது.

எனக்கு இது பெருமையாக இருந்தது. அப்பாவுக்கு இல்லை.

நான்கு மாதமாகக் காரில் ஏறவே இல்லை. தொடவும் இல்லை. பக்கத்தில் நடக்க வேண்டியிருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். கம்பெனியில் அது சட்டமாம். அலுமினியப் பொடி ஒட்டிய கையை வைத்தால் வெள்ளிக்கலரில் ஐந்து விரலும் பதிந்துவிடும், டிரைவர் சத்தம் போடுவார். மருந்து ஷெட்டை விட்டே பன்னிரண்டு வருடம் ஆயிற்று, இப்போது கையில் பொடி ஏது? கேட்டேன்.

"பொடி இல்லத்தா. பளக்கம் இருக்குல்ல" என்றார்.

சரி, இருக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் தங்கை மாரிக்கு சாத்தூரில் சம்பந்தம் கூடி வந்தது. (அக்கா இருக்கும்போது தங்கைக்கா என்று கேட்டு எழுத நினைப்பவர்களுக்கு: ஆமாம்.) ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். அங்கே சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் பேச்சு உறுதி.

வியாழக்கிழமை அப்பா சொன்னார். "நீங்க மூணு பேரும் கார்ல போங்க. நான் பஸ்ல வந்துர்றேன்."

மாரி அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். "அக்கா, பொண்ணு கார்ல வந்து எறங்குறா, பொண்ணோட அப்பா பஸ்ஸ்டாண்டுல இருந்து நடந்து வர்றாருன்னா அவங்க என்ன நெனப்பாங்க? வீட்டுல மரியாதை இல்லைன்னுதானே நெனப்பாங்க?"

"அது மொதலாளி ஒக்காந்த சீட்டு. அதுல போயி ஒக்காந்தா ஒடம்பு கூசுது" என்றார் அப்பா.

யோசித்தேன். பிரச்சினை என்ன? கார் இன்னும் முதலாளி கார் மாதிரி இருப்பது. தீர்வு என்ன? அதை வேறு கார் ஆக்குவது. புத்தம்புதிதாக, எங்கள் கார் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அப்பா முன்சீட்டில் உட்கார வேண்டும். ஆக, சனிக்கிழமை. ஆக, க்ளே.

படித்தவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள். மனசில் இருக்கிற சிக்கலுக்கு ஒரு பொருளை ஆர்டர் போடுவோம்.

அம்மா இப்போதும் பட்டாசு பேக்கிங் வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமை அவருக்கு வேலை இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"மண்ணு போகணும்னு ஊரே காரைக் களுவுது. நீ மண்ணை வச்சுத் தேய்க்கிற."

"மண்ணு இல்லம்மா. மண்ணு மாதிரி."

"அதான், தேய்க்கிறதத் தேய்ச்சுக்கோ. அழுத்தித் தேய்க்காத."

இது வீடியோவில் வந்த அறிவுரையும்தான். அழுத்தினால் கீறல் விழும். ஆனால் அம்மா வீடியோ பார்க்கவில்லை. பட்டாசு வேலையில் எதையும் அழுத்தித் தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

பானெட் முடிந்ததும் கட்டியைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது சாம்பல் நிறமாகிவிட்டது. வெயிலில் சாய்த்தால் மினுமினுப்பு. அம்மா எழுந்து வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம கம்பெனிச் சரக்கு" என்றார்.

சொல்லிவிட்டு என் கையிலிருந்து கட்டியைப் பிடுங்கித் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டார். மருந்துக் கழிவை அங்கே அப்படித்தான் செய்வார்களாம். அது மருந்தில்லை, தூசு. தீப்பிடிக்காது என்று இயற்பியல், வேதியியல் இரண்டையும் வைத்து விளக்கினேன். "இருக்கட்டும், ஊறட்டும்" என்றார். நல்லவேளை, இரண்டாவது கட்டி இருந்தது.

அப்பா தெருவின் அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில், கையைப் பின்னால் கட்டியபடி நின்றார். மத்தியானம் வரை நின்றார்.

கவருக்குள் கையை விட்டு மறுபடி தடவினேன். கண்ணாடி. நறநறப்பு போன இடம் தெரியவில்லை. பதினோரு வருடக் கம்பெனித் தூசு இரண்டு கட்டிக் களிமண்ணில் வந்துவிட்டது. எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அடுத்தது மெழுகு. மெல்லிசாகப் பூசி, வெளிறிக் காய்ந்ததும் துணியால் துடைக்க வேண்டும். நிழலில் செய்ய வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. விருதுநகர் மாவட்டத்தில் விற்கிற டப்பாவில் இப்படிப் போடுவது நியாயமா? வேப்பமரத்தடிக்குக் காரை நகர்த்தினேன். அப்பா இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

பானெட்டைத் துடைத்தேன். கறுத்துச் செவந்த நல்ல மெரூன். கூரை, அதுவும் நன்றாக வந்தது. கடைசியாக இடது பக்கம், முன்கதவு. அங்கே திட்டுத் திட்டாக ஏதோ மங்கல் இருந்ததை வாங்கும்போதே பார்த்திருந்தேன். மெழுகு போட்டால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். துணியை எடுத்து வட்டமாகத் துடைத்தேன்.

ஒரு எழுத்து வந்தது.

இன்னும் துடைத்தேன். இன்னொரு எழுத்து.

கதவு முழுக்கத் துடைத்து முடித்தபோது கம்பெனியின் பெயர் முழுசாக இருந்தது. கடைசியில் இருக்கிற 'ஃபயர் ஒர்க்ஸ்' உட்பட.

இதற்கு இயற்பியலில் விளக்கம் இருக்கிறது. முதலாளி கதவில் பெயரை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார். அத்தனை வருட வெயிலில் கார் முழுக்க நிறம் வெளுத்தது. ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் வெளுக்கவில்லை. வியாபாரி ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டார். தூசு அந்த வித்தியாசத்தை இத்தனை நாள் மூடி வைத்திருந்தது. நான் தூசை எடுத்து, மெழுகும் போட்டுப் பாலிஷ் செய்து வைத்தேன். என் காரில் அசல் நிறம் மிச்சமிருப்பது முதலாளி பெயரில் மட்டும்தான்.

வலது பக்கக் கதவைத் துடைத்தேன். அதிலும் இருந்தது.

துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாரி வெளியே வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"மஞ்சத்துண்டு ரெண்டு கட்டி மறைச்சிருவமா?" என்றார் அம்மா.

அப்பா மரத்தடியிலிருந்து வந்தார். கதவுக்கு முன்னால் நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இது அந்தப் பேருதான?"

"ஆமாப்பா."

"எளுத்து தெரியாட்டியும் இது தெரியும். தெனமும் பாத்ததுல்ல." வாளியையும் என் கையிலிருந்த துணியையும் பார்த்தார். "இதுக்குத்தான் காலையில இருந்து இம்புட்டுப் பாடா?"

"நீங்க ஏறணும்னுதான்பா செஞ்சேன். ஆவுற கதையா தெரியல. நாளைக்கு பஸ்லயே வாங்க."

அப்பா பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். புறங்கையால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைச் சூடு பார்க்கிற மாதிரி, கதவைத் தொட்டார். எடுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார்.

"வளுவளுன்னு இருக்கு" என்றார். பிறகு, "பேரு கதவுக்கு வெளியதான இருக்கு?" என்று கேட்டார்.

"ஆமா."

"உள்ள ஒக்காந்தா தெரியாதுல்ல?"

"தெரியாது."

"பெறகென்ன. வெளிய நின்னு பாத்தது போதும்."

பட்டம் வாங்கியவளுக்கு ஒரு வாரமாகத் தோன்றாத விஷயம் இது. ஒரு பெயர் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமென்றால் அதை அழிக்க வேண்டியதில்லை. அதற்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் முன்சீட்டில் உட்கார்ந்தார். முதுகு சீட்டில் படவில்லை. பரவாயில்லை, உட்கார்ந்தார். பின்னால் அம்மா, மாரி, தாம்பூலத் தட்டு.

சாத்தூர் போகிற வழியில்தான் கம்பெனி. ரோட்டுக்கு இடது பக்கம் கேட். தூரத்தில் அது தெரிந்ததும் அப்பா தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் மெதுவாப் போத்தா."

மெதுவாகப் போனேன்.

"ஹாரனை அடி."

"எதுக்குப்பா?"

"அடி, சொல்றேன்ல."

அடித்தேன். இரண்டு சுருதியில் இழுத்தது.

கேட்டுக்கு உள்ளே ஸ்டூலில் இருந்தவர் கருப்பசாமி. அப்பாவுக்குப் பிறகு வந்த வாட்ச்மேன், எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. முதலாளி இதை விற்ற பிறகு வேலைக்கு வந்தவர் என்பதால் இந்தக் காரை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவர். கேட் கம்பி வழியாகக் கார்க் கதவில் இருந்த பெயரைப் படித்தார். அவ்வளவுதான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, ஓரமாக நின்று, வணக்கம் வைத்தார்.

"ஐயையோ, பாவம்" என்றார் அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல்.

அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கச் சொன்னார். வெளியே தலையை நீட்டி, இரண்டு கையையும் குவித்து, கருப்பசாமிக்கு முழுசாக ஒரு வணக்கம் வைத்தார்.

"ஏலே கருப்பா, நான்தான்லே. கேட்டை மூடிட்டுப் போயி டீயக் குடி, ஆறிறப் போகுது."

கருப்பசாமி வாயைத் திறந்தபடி நிற்பது கண்ணாடியில் ரொம்ப தூரத்துக்குத் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். "முதலாளி பதிலுக்கு வணக்கம் வைப்பாராப்பா?"

அப்பா யோசித்தார். "அவுகளுக்கு நெறைய சோலி இருக்கும்லத்தா" என்றார். முதுகு இப்போது சீட்டில் சாய்ந்திருந்தது.

பதினோரு வருடம் கழித்து அந்தக் காரிலிருந்து ஒரு பதில் வணக்கம் போயிருக்கிறது. கொஞ்சம் தாமதம்தான். வேறு ஆளுக்குப் போயிருக்கிறது. இருந்தாலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாத்தூரில் மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே நின்றிருந்தார்கள். கார் வெயிலில் ஜொலித்தது. அப்பா முன்கதவைத் தானே திறந்து, நிதானமாக, சம்பந்தி இறங்குகிற மாதிரி இறங்கினார். நான் ஆசைப்பட்ட மாதிரியே அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனால் காரையும் பார்க்கவில்லை, கதவில் இருந்த பெயரையும் பார்க்கவில்லை. அப்பாவின் பாதத்தைப் பார்த்தார்கள்.

மருந்து ஷெட்டுக்குள் நுழைகிற பழைய பழக்கத்தில், தாயில்பட்டி வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காரில் ஏறியிருக்கிறார்.