பதினெட்டாவது நிழல்

பெரியப்பா எங்கள் ஆம்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு பலகையும் மட்டும் கொண்டுவந்தார். ராணுவத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, பிறகு பெங்களூரில் ஒரு விமானத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். அதையும் திடீரென்று விட்டுவிட்டார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. தெருக்காரர்கள் 'பிளேன் செய்றவரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்பது வயதுக்காரியான நான், கொல்லையில் எனக்கொரு விமானம் தயாராகப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டிருந்தேன்.

அவர் செய்தது வேறு. பலகையைப் பின்னறைச் சுவரில் மாட்டினார். சுத்தி, குறடு, ஸ்பேனர் என்று ஒவ்வொரு கருவியின் வடிவமும் அதில் கறுப்புப் பெயின்டில் நிழல்போல வரைந்திருந்தது. அதனதன் நிழல்மேல் அதனதன் கருவி தொங்க வேண்டும். எதை எடுத்தாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் பெரியப்பா தொட்டுத் தொட்டு எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது. நர்ஸான அம்மா மட்டும் முகம் சுளிக்கவில்லை. ஆபரேஷனில் வயிற்றைத் தைக்கும் முன் அவர்களும் கத்தரிக்கோல்களை எண்ணுவார்களாம்.

பதினேழு நிழல்களில் கருவி இருந்தது. பதினெட்டாவது, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவருடையது, எப்போதும் காலி. அங்கே வந்ததும் அவர் விரல் நின்றுவிடும். சுவருக்குள் ஏதோ உருளுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்ப்பார். மிக்ஸி ஓடினாலும் அப்படித்தான். ஷூ கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்றால் அதன் முன்பக்கத்தில் காதை வைத்துக்கொள்வார். பஸ்ஸில் இருக்கும் அக்காக்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில சாயங்காலங்களில் அந்தச் சத்தம் எனக்கும் கேட்க ஆரம்பித்திருந்தது.

பயம் தாங்காமல்தான் அதைச் செய்தேன். அம்மாவின் தையல் மெஷின் டிராயரில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த நிழல்மேல் மாட்டினேன். அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. இனிச் சத்தம் நின்றுவிடும் என்று நம்பினேன்.

அன்று கரண்ட் இல்லை. தோல் பதனிடும் ஷாப்பின் வாடை வீட்டுக்குள் நிறைந்திருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெரியப்பா எண்ணிக்கொண்டே வந்தார். பதினெட்டில் அவர் விரல் இரும்பில் பட்டது.

"எங்க கெடந்துச்சு?" என்றார், திரும்பாமலே.

"உங்க பொட்டி அடில, பெரியப்பா."

அவர் மெதுவாகத் திரும்பினார். பிறகு என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலப் பார்த்துச் சொன்னார்.

"அவனும் இதத்தான் சொன்னான்."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமே இல்லை.

காலையில் அந்த நிழல் மறுபடி காலியாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் டிராயரில் பழைய இடத்திலேயே கிடந்தது. 'அவன்'தான் வந்து எடுத்து வைத்தான் என்று முடிவுகட்டி ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன்.

பெரியப்பா காலமான பிறகுதான் அப்பா சொன்னார். பெங்களூரில் ஒரு சிறு விமானத்தைப் பழுது பார்த்து முடித்த அன்று, இதே பலகையின் எண்ணிக்கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் குறைந்திருக்கிறது. திட்டுக்குப் பயந்த மெக்கானிக் ஒருவர் வேறெங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, பெட்டி அடியில் கிடந்தது என்று சொல்லியிருக்கிறார். பலகை நிறைந்திருந்தது. பெரியப்பா கையெழுத்துப் போட்டார். காணாமல் போனது இன்ஜினுக்குள் இருந்திருக்கிறது. மறுநாள் அதை ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

பெரியப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எடுத்து டிராயரில் வைத்தவர் அவர்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை. ஓர் ஆளைச் சாகடித்த அதே காரியத்தை, அதே பொய்யோடு, அவர் கண்முன்னால் மறுபடி செய்து காட்டியிருக்கிறேன். அந்த அறையில் பயந்து நடுங்கியது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.