அப்பாவின் வயிற்றுத் தையலும் அத்தையின் வேண்டுதலும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. மூத்த மகளான என்னிடம், நினைவு மலரில் அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதும்படி அத்தை சொல்லியிருக்கிறார். மன்னிக்க வேண்டும் அத்தை, என்னால் முடியாது. சித்தப்பா வயிற்றில் ஆபரேஷன் முடிந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். அதற்குள் அவருக்கும் நீங்கள் காவடி வேண்டிக்கொண்டீர்களாம்.

அப்பா மலேசியாவில் கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளி வீட்டில் பிறந்தார். முதலாளிகள் தோட்டத்தை விற்றதும், ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு வேலையாட்களை ஏற்றும் பஸ் ஓட்டி எங்களைப் படிக்க வைத்தார். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். அந்தக் குணத்தைத்தான் நீங்கள் எல்லாரும் பிழிந்து எடுத்தீர்கள்.

குடல் ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது நர்ஸ் தெளிவாகச் சொன்னார்: “அங்கிள், மேல்தோல் ஆறிடும், உள்ள பலமாக மாசக்கணக்காகும். சர்க்கரை இருக்கு, உடம்பும் கனம், புண்ணுல சீழ் வேற வச்சிருச்சு. சிகரெட்டை விடுங்க, இருமலை வளர்க்காதீங்க. வெயிட் தூக்கவே கூடாது லா.”

அப்பா அன்றே சிகரெட்டை விட்டார். நீங்கள் அவரை விட்டீர்களா?

“ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயே முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன், தம்பி தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான்னு,” என்றீர்கள் அத்தை. வேண்டியது நீங்கள், சுமப்பது அவரா? அவ்வளவு கனமான காவடி வேண்டாம், பால்குடம் போதுமே என்று அப்பா கெஞ்சினார். “சாமி காப்பாத்துன உயிருடா, சாமிகிட்டயே பேரமா?” என்று வாயை அடைத்தீர்கள். விரதம் இருந்தால் ஒன்றும் ஆகாதாம்!

காவடி இறக்கிய மறுவாரமே தழும்பில் புடைப்பு. வாயு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்தீர்கள். சில மாதங்களில் குடல் அதில் சிக்கி அழுகியது. இரண்டாவது ஆபரேஷனிலிருந்து அப்பா எழவில்லை.

காவடி மட்டுமே காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. சர்க்கரை, சீழ், கனம், எல்லாம் சேர்ந்தது என்றார். சரி. சர்க்கரையை நீங்கள் கொடுக்கவில்லை அத்தை. காவடியைக் கொடுத்தீர்கள்.

அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவருக்கும், கடைசிவரை முகம் சுளிக்காமல் புண் துடைத்த நர்ஸுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உறவுகளுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த உறவில் நானும் சேர்த்திதான். காவடியின் கனத்தை இடுப்பில் தாங்கக் கட்டும் பட்டையை அப்பாவின் வயிற்றில் இறுக்கியவள் நான். “வலிக்குதும்மா, கொஞ்சம் தளர்த்து,” என்றார். எல்லாரும் பார்க்கிறார்களே என்று தளர்த்தாமல் விட்டேன்.

இந்தத் தைப்பூசத்தன்று சித்தப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். பட்டையோடு வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.