எந்த ஆள் இல்லாத வண்டி?

கான்ட்ராக்டில் பெட்டி அடுக்கும் செல்வி வண்டியிலிருந்து விழுந்தபோது நான் ஸ்டோர்ஸில் ரேக் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். யாரோ எமர்ஜென்சி பட்டனை அமுக்கி வண்டியை நிறுத்தியிருந்தார்கள். செல்வி தரையில் உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, பெரிய அடி இல்லை.

திருமழிசையில் எங்கள் கிடங்குக்கு அந்த வண்டி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிரைவர் கிடையாது. தரையில் ஒட்டிய டேப்பைப் பிடித்துத் தானாகப் போகும், பெட்டி இறக்கும் இடத்தில் தானாக நிற்கும். மேல்பக்கம் தட்டையாக, உட்காரத் தோதான உயரம். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ‘ஆளில்லா வண்டி’ என்று ஸ்டிக்கர்.

“இன்னாத்துக்குடி அதும்மேல உக்காந்த?”

“நின்னு நின்னு முட்டி வலிக்குதுக்கா. ஆளில்லா வண்டின்னு எழுதிக்கீது. சரி, காலியாத்தான கீது, யாரும் கேக்க மாட்டாங்கன்னு குந்திட்டேன். அது பாட்டுக்குக் கெளம்பிடுச்சு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அதற்குள் மேனேஜர் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுவிட்டார். “அந்த ஆள் நாளையிலேருந்து வேணாம்.” வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவள். ஷிப்ட் முடிந்து வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

ஓரிடத்தில் நிற்க முடியவில்லை எனக்கு. ரேக்கை விட்டுவிட்டு அந்த வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன். இந்த வார்த்தையை எங்கே பார்த்திருக்கிறேன்? ரயில்வே கேட்டில். ‘ஆளில்லா லெவல் கிராசிங்’. எனக்குத் தெரிந்து அங்கே பார்த்த சொல்தான் பிறகு பேப்பரில் விமானத்துக்குப் போனது. இப்போது எங்கள் கிடங்குக்கும் வந்துவிட்டது. கேட்டில் இல்லாத ஆள் கேட் கீப்பர். இந்த வண்டியில் இல்லாத ஆள் டிரைவர். பூந்தமல்லி ஷேர் ஆட்டோக்காரர் “ஆளே இல்ல, ஏறும்மா” என்றால் இல்லாதது பயணி. செல்வி தினமும் அந்த ஆட்டோவில்தான் வேலைக்கு வருகிறாள்.

மேனேஜர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“சார், ஆளில்லான்னா எந்த ஆள்?”

“டிரைவர்தான் மேடம். இங்கிலீஷ்ல அன்மேன்டு. ஹெட் ஆபீஸ்ல டிக்‌ஷனரி பாத்துதான் போட்டிருக்காங்க.”

“டிரைவர்னு எங்க சார் இருக்கு? அவ காலி வண்டின்னு படிச்சிருக்கா. ஏறாதீங்கன்னு ஒரு வார்த்தை இல்ல.”

“காமன்சென்ஸ் வேணாமா?”

“வண்டியில எந்த ஆள் இல்லன்னு எழுதத் தெரியல. வேலைக்கு எந்த ஆள் வேணாம்னு மட்டும் டக்குனு தெரிஞ்சிடுச்சா?”

குரல் உயர்ந்துவிட்டது. அவர் எழுந்து போய் வண்டியைப் பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்தார். “அந்தம்மா வரட்டும்பா.”

மறுநாளே ஸ்டிக்கர் மாறியது. ‘தானாக ஓடும் வண்டி. ஏறாதீர்.’ என்னைப்போல் மேற்பார்வை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இயந்திரத்தில் எதையாவது எழுதி ஒட்டுவதற்கு முன்னால், அதைப் படிக்கப்போகிற ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

செல்வி புது ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு கை முட்டியில் இருந்தது.

“இது கரீட்டுக்கா. குந்தறதுக்கு எடம் எங்கக்கா?”

என் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.