ராமசேஷன் சாரின் சங்குமுகம்

ராமசேஷன் சார் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள். "அப்பா எழுந்திருக்கலே, ஆன்ட்டி..." அவ்வளவுதான் சொன்னாள்.

ஊரின் பழைய கோட்டை மதிலுக்குள் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். குளித்தாயிற்று. அழுகை வரவில்லை. அசதி மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காக... ஆபீஸில் எனக்கு செக்‌ஷன் ஆபீஸர். மீட்டிங் நடக்கும்போது ஃபைல் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் படகு வரைந்துகொண்டிருப்பார். எதிரே மேலதிகாரி இருந்தாலும்.

அவர் மனைவி இறந்த பிறகு பழவங்காடி கடைத்தெருவில் பெரிய கான்வாஸ் ஒன்று வாங்கினார். எந்த ஆட்டோவிலும் கொள்ளவில்லை. ஒரு முனையை அவரும் மறுமுனையை நானுமாகப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசல் வழியே நடந்தோம். பஸ்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

அதில் வரைந்தது சங்குமுகம் கடற்கரை. நாற்பதுகளின் சங்குமுகம், யுத்த காலம். சார் அப்போது சின்னப் பையன். அப்பா இல்லை. அம்மா, பெரியப்பா வீட்டு அடுக்களையை விட்டு வெளியே வராத விதவை.

ஒரே ஒரு நாள், பெரியப்பா குடும்பம் சுசீந்திரம் தேருக்குப் போயிருந்த சமயம்... பிள்ளைகள் இருவரையும் ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு அம்மா கடலுக்குப் போனாளாம். முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தாளாம்.

அந்தச் சிரிப்பைத்தான் வரையப் பார்த்தார்.

ஆனால் அவருடைய அக்கா விசாலம் மாமி ஒப்புக்கொள்ளவே இல்லை. அம்மா கடலைப் பார்த்ததே கிடையாது, நீ கனவு கண்டிருப்பாய் என்பார். அக்கா வந்துவிட்டுப் போனதும் சார் அம்மாவின் மேல் நீலத்தைப் பூசி மறைத்துவிடுவார். கொஞ்ச நாளில் திரும்ப வரைவார். இப்படியே வருஷங்கள்.

"கல்யாணி, எனக்கு இருக்கற ஓர்மை, இந்த ஞாபகம், நெஜம்தானான்னு யாராக்கும் சொல்லுவா? அக்கா ஒருத்திதான் பாக்கி" என்றார் ஒருநாள். காபி போட்டுக் கொடுத்தேன்.

போன ஓணத்துக்கு விசாலம் மாமி வந்திருந்தார். படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். அப்போது அம்மா திரும்பவும் படத்தில் இருந்தாள், வெள்ளைப் புடவையில்.

"வெள்ளை இல்லைடா சேஷா. காவியாக்கும். நனைஞ்சு கறுத்துப் போயிருந்தது."

மாமி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு என் கையைப் பிடிச்சுண்டு சத்தியம் வாங்கினா. பெரியப்பா அறிஞ்சா மூணு பேரையும் ஆத்தை விட்டு எறக்கி விட்டிருப்பார்... இத்தனை நாளும் நான் சொல்லலே."

சார் அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வயதில். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அந்தக் காவி கடைசிவரை சரியாக வரவில்லை. மாதக்கணக்கில் கலந்து பார்த்தார். ஒருநாள் பிரஷ்களைக் கழுவித் துடைத்து, போதும் என்றார். கையெழுத்துகூடப் போடவில்லை.

இன்று அவரை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். இடைஞ்சலாக இருக்கிறது, இந்தப் படத்தை உள்ளே வைக்கட்டுமா என்று யாரோ கேட்டார்கள். விசாலம் மாமி வேண்டாம் என்று கையசைத்தார்.

போய் வாருங்கள் சார். எனக்கும் உடம்பு ஓய்ந்துவிட்டது... கொஞ்சம் படுக்கிறேன்.